மீள் குரல்வளை நரம்பு: பெயர் வந்த வழியும் தங்கவயல் தொடர்பும்

கோலார் தங்கவயல்: மூளையிலிருந்து கழுத்துக்கு வரவேண்டிய ஒரு நரம்பு, கழுத்தைக் கடந்து மார்புக்குள் இறங்கி, அங்கிருந்து திரும்பி மேலேறிக் குரல்வளையை அடைகிறது. இதனால் உடற்கூறியலில் இதற்கு 'ரெக்கரண்ட் லாரிஞ்சியல்' நரம்பு என்று பெயர். 'திரும்பி ஓடுதல்' எனப் பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து 'ரெக்கரண்ட்' பிறந்தது. தமிழில் மீள் குரல்வளை நரம்பு எனலாம்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், பலர் முன்னிலையில் ஒரு பன்றியின் இந்த நரம்பைத் துண்டித்தார். விலங்கு திமிறிக்கொண்டே இருந்தது. அலறல் மட்டும் நின்றுபோனது. நரம்பு வளைந்து திரும்புவதை அவர் கப்பியோடு ஒப்பிட்டார். சுரங்கவாயிலின் பெரிய சக்கரத்தில் கம்பிவடம் வளைந்து ஓடக் கண்ட தங்கவயல் மக்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

வலது நரம்பு தோள்பட்டைக்கு அருகே உள்ள தமனியைச் சுற்றித் திரும்பிவிடும். இடது நரம்போ இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவு வரை இறங்குகிறது. கருவில் இதயம் கழுத்துப் பகுதியிலிருந்து மார்புக்கு இறங்கும்போது நரம்பையும் இழுத்துச் செல்வதே இதற்குக் காரணம். ஒட்டகச்சிவிங்கியில் இதன் நீளம் பல மீட்டர்.

இந்தச் சுற்றுப்பாதையால் நுரையீரல் நோய் குரலைப் பாதிக்க முடிகிறது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலில் 1934-இல் கோலார் தங்கச் சுரங்கங்களில்தான் பதிவானது. பாறையைத் துளையிடும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலில் தழும்புகளை உண்டாக்கும். மார்பின் நிணநீர்க் கணுக்களும் வீங்கிக் கெட்டிப்படும். சிலருக்கு அவற்றின் விளிம்பில் சுண்ணாம்பு படிந்து, எக்ஸ்ரேயில் முட்டை ஓடு போலத் தெரியும். இத்தகைய கணு இடது நரம்பை அழுத்தினால் ஒரு குரல்நாண் செயலிழந்து, குரல் கம்மும். இது அரிதாகவே நிகழ்கிறது என்றாலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும் தூசியிலிருந்து விலகிய பின்னும் சிலிக்கோசிஸ் முற்றக்கூடும். காசநோய்க்கான வாய்ப்பையும் அது கூட்டுகிறது. சிலிக்கா தூசியைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. ஆகவே, முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்குக் குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், தொண்டையோடு மார்பையும் பரிசோதிக்க வேண்டும். சுரங்கத்தில் பணியாற்றிய விவரத்தை மருத்துவரிடம் முதலிலேயே கூறுவது அவசியம்.