மிதிவண்டி முன் கேரியரும் பையும்: மரக்காணம் உப்பளக் கரை

மிதிவண்டியின் முன் சக்கரத்துக்கு மேலே அல்லது ஹேண்டில்பாருக்கு முன்னால் சாமான் வைப்பதற்காகப் பொருத்தப்படும் கம்பிச் சட்டம் முன் கேரியர் எனப்படும். கூடை, பை, பெட்டி ஆகியவை இதன்மேல் அமரும். பின் கேரியர் இல்லாத பழைய சைக்கிளைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது; முன் கேரியர் அந்த அளவுக்குப் பரவவில்லை. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் இதைத் தேர்ந்தெடுக்கும்போது எடை, காற்று, உப்பு நீர் மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றில் உப்பு நீரே கொடியது.

ஊரும் சுமையும்

மரக்காணம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் உள்ளது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூர்ப் பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆந்திரத்திலிருந்து கரையோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே முடிகிறது. தெற்கே கழுவேலி ஈரநிலம் விரிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் கால்வாய்ப் படகில் போன உப்பு இன்று லாரியில் போகிறது. கேரியரில் சாக்கு மூட்டையைக் கட்டித் தெருத்தெருவாகப் படியில் அளந்து உப்பு விற்ற வியாபாரிகளைத் தமிழ்நாட்டு ஊர்கள் நன்கறியும். அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்காக விற்பதற்கான தடை 2006 மே மாதம் மீண்டும் நடைமுறைக்கு வந்தபின் அந்த வியாபாரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. கனத்த மூட்டைகளை ஏற்கெனவே மொபெட்டுகள் எடுத்துக்கொண்டிருந்தன. டிவிஎஸ் 50 வந்தது 1980இல்.

சைக்கிளுக்கு மிஞ்சியவை வேறு: சோற்றுத் தூக்கு, தண்ணீர் கேன், மாற்றுத்துணி, வீடு திரும்பும்போது காய்கறி, ரேஷன் அரிசி. இவற்றில் பாதியை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். இது கெட்ட பழக்கம் என்றே சொல்ல வேண்டும். ஹேண்டிலில் தொங்கும் தூக்கு ஒவ்வொரு பெடல் மிதிக்கும் ஆடும். திருப்பும்போது முழங்காலில் இடிக்கும். அடிப்பக்கம் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய்விட்டால் முன் சக்கரம் சட்டென நிற்கும், ஓட்டுபவர் ஹேண்டிலைத் தாண்டி விழுவார். முன் கேரியரின் முதல் பயன் இந்த ஆட்டத்தை நிறுத்துவதே.

வகைகள்

தமிழ்நாட்டில் மிகப் பரவலாக இருப்பது கம்பிக் கூடை. பிஎஸ்ஏ லேடிபேர்டு போன்ற பெண்கள் சைக்கிள்களும், 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் அரசு, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியருக்கு விரிந்த விலையில்லா மிதிவண்டியும் இதை ஊர்தோறும் கொண்டு சேர்த்தன. புத்தகப் பைக்கு இது போதும். கூடை ஹேண்டிலில் மட்டும் தொங்கினால் சீக்கிரம் முன்னால் சாய்ந்துவிடும். அடியிலிருந்து இரண்டு பட்டைக் கம்பிகள் முன் அச்சின் நட்டு வரை இறங்கி எடையைத் தாங்குகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். கம்பி இருந்தாலும் ஐந்து கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது வகை, முன் சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் போர்க்கில் பொருந்தும் தட்டுக் கேரியர். இது அச்சிலும் போர்க்கின் தலைப்பக்கத்திலும் பிடித்துக்கொண்டு, டயருக்குச் சில விரற்கடை மேலே தட்டையாக நிற்கும். பாரிஸில் செய்தித்தாள் கட்டுகளை ஏற்றிச் சென்றவர்கள் இவ்வகையைத்தான் பயன்படுத்தினார்கள். மூன்றாவது வகையில் கேரியர் சைக்கிளின் சட்டத்தோடு இணைந்திருக்கும்; ஹேண்டில் திரும்பும், சுமை திரும்பாது. ஐரோப்பாவில் வீடு வீடாகச் சரக்கு கொடுக்கும் சைக்கிள்களில் இதைக் காணலாம். கனத்த சுமைக்கு இதுவே சிறந்தது. ஆனால் நம் ஊரில் கடையில் கிடைக்காது, வெல்டிங் பட்டறையில்தான் செய்துகொள்ள வேண்டும்.

ஹெர்குலிஸ், அட்லஸ், ஹீரோ போன்ற கம்பி பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். முன் பிரேக்கின் கம்பி ஹேண்டிலிலிருந்து போர்க்கின் முன்புறமாகவே இறங்கி ரிம்முக்குப் போகிறது. தட்டுக் கேரியர் மாட்ட வேண்டிய இடமும் அதுதான். கேரியர் அந்தக் கம்பியை உரசினால் பிரேக் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது. பொருத்தியதும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பாமல், ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பிரேக்கை அழுத்திப் பார்க்க வேண்டும்.

முன் சுமையும் ஹேண்டிலும்

ஹேண்டில் தண்டின் சாய்கோட்டைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே விழும். இந்த இடைவெளி ஓடும் சைக்கிள் நேராகச் செல்ல உதவுகிறது. சாதாரண வண்டிகளில் இது ஏறத்தாழ 55 முதல் 65 மில்லிமீட்டர். முன் சுமைக்கென்றே செய்யப்பட்ட பழைய பிரெஞ்சு வண்டிகளில் 30 முதல் 40 வரை. இடைவெளி அதிகமுள்ள வண்டியில் முன்னால் கனத்தை ஏற்றினால், வரப்புப் பாதையில் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமாக விழப் பார்க்கும். நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் இத்தகைய வண்டிகளே. ஆகவே அரிசி மூட்டையும் தண்ணீர்க் கேனும் பின் கேரியருக்கு. தூக்கும் துணியும் முன்னால். வண்டியை நிறுத்தும்போதும் முன் சக்கரம் மடங்கிக் கூடை கவிழும். ஒரு துண்டுக் கயிற்றால் ஹேண்டிலைச் சட்டத்தோடு கட்டிவிட்டால் நிற்கும்.

காற்றையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்குத் தெற்காக ஓடுகிறது. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து, அதாவது பக்கவாட்டில் அடிக்கிறது. உயரமான பெட்டி முன்னால் இருந்தால் பாய் விரித்ததுபோல் காற்றை வாங்கி, பேருந்து கடக்கும் நேரத்தில் ஹேண்டிலைத் தள்ளும். தாழ்ந்த, அகலம் குறைந்த பையே இங்கு ஏற்றது.

துருவும் பையும்

தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துக் கசியும். பாத்தியிலிருந்து வாரிய உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும்; அது 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கும். கேரியரின் மூலையில் ஒட்டிய சிட்டிகை உப்பு கடற்கரையில் காய்வதே இல்லை எனலாம். குரோம் பூசிய கேரியர் வெளியே பளபளக்கும். வெல்டிங் மூட்டில் பூச்சு மெலிந்த இடத்தில் உள்ளே அரித்திருக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று வாங்குகிறவர்கள் இரும்பு போல்ட்டால் முடுக்குகிறார்கள். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு நீர் நின்றால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். இடையில் பிளாஸ்டிக் வாஷர் போடலாம். துத்தநாக முலாம் பூசிய இரும்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நீடித்து உழைக்கும்.

பைக்கு விலையுயர்ந்த துணி எதுவும் தேவையில்லை. பிளாஸ்டிக் ஒயர் கூடை கழுவினால் உடனே காயும், உப்பைப் பிடித்து வைக்காது. முன் கேரியருக்கு அதுவே முதல் தேர்வு. கட்டைப்பையும் மஞ்சப்பையும் ஈரத்தை வைத்துக்கொள்வதால் இரும்பின்மேல் நேராக வைக்கக் கூடாது. கல்லுப்பு எடுத்துப் போவதானால் பை சிறிதாக இருக்கட்டும். ஒரு லிட்டர் அளவுக் கல்லுப்பு ஒரு கிலோவைத் தாண்டும். பத்து லிட்டர்ப் பை நிறைந்தால், கம்பிக் கூடைக்குச் சொன்ன ஐந்து கிலோவின் இரு மடங்கைத் தாண்டிவிடும். கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறிய பட்டையை விடச் சிறந்தது கடையில் இல்லை.

உப்பளம் போய்வரும் சைக்கிளில் கேரியரையும் அச்சு நட்டுகளையும் அன்றாடம் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். மரையில் கிரீஸ் தடவாமல் முடுக்கிய நட்டு இறுகிவிட்டால், பஞ்சர் ஒட்டும் அன்று சக்கரத்தைக் கழற்ற முடியாது.