மத்தியூ வீதியின் நிலவறை

இங்கிலாந்தின் வடமேற்கே, மேர்சி நதி கடலிற் கலக்குமிடத்தில் அமைந்த துறைமுக நகரம் லிவர்பூல். அங்கே பண்டகசாலைகள் நெருங்கி நின்ற மத்தியூ வீதி என்னும் ஒடுங்கிய தெருவிலே, செங்கல் வளைவுகள் தாங்கிய நிலவறை ஒன்றில், 1957ஆம் ஆண்டு சனவரி மாதம் ‘கவேர்ண்’ என்னும் ஜாஸ் இசைக்கழகம் திறக்கப்பட்டது. குகை என்பதே அச்சொல்லின் பொருள். பெயர் பொருத்தமானதே. காற்றோட்டம் இல்லை; கூடியிருந்தோரின் மூச்சு சுவர்களில் நீராக வழிந்தது.

இந்தக் குகையிலேதான் 1961 பெப்புருவரி முதல் 1963 ஆகஸ்டு வரை பீற்றில்ஸ் குழுவினர் ஏறத்தாழ 300 முறை இசைத்தனர். மதிய உணவு வேளையில், அயலிலிருந்த கந்தோர்களின் எழுதுவினைஞரும் கடைகளிற் பணிபுரிந்த இளம் பெண்களும் படியிறங்கி வந்து, கேட்டு மகிழ்ந்து, மீண்டும் வேலைக்கு விரைந்தனர். அவர்களுக்கு அப்பாடகர்கள் எங்கோ உலவும் நட்சத்திரங்கள் அல்லர். பக்கத்துத் தெருப் பையன்கள். கூப்பிடு தூரத்தில் இசைத்தட்டுக் கடை நடத்திய பிறையன் எப்ஸ்ரைன் 1961 நவம்பரில் வந்து பார்த்ததும், பின்னர் குழுவின் முகாமையாளரானதும் யாவரும் அறிந்த கதை. ஆனால் 1962 ஆகஸ்டில் மேளக்காரர் பீற் பெஸ்ற் நீக்கப்பட்டு றிங்கோ ஸ்ரார் சேர்க்கப்பட்டபோது, உள்ளூர் இரசிகர் வெகுண்டெழுந்ததும், அக்கலவரத்தில் ஜோர்ஜ் ஹரிசனின் கண் கறுத்து வீங்கியதும் அத்துணை பேசப்படுவதில்லை. அயலவரின் அன்பு உரிமை கொண்டாடும் அன்பு. கோபமும் அதனுடன் பிறந்ததே.

புகழ் வளர்ந்ததும் நால்வரும் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தனர். ஊரார் மனம் கசந்திருப்பரோ என அவர்கள் அஞ்சினர். 1964 யூலை 10ஆம் நாள் நகரமண்டப வரவேற்புக்குத் திரும்பியபோது, ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் வீதியோரங்களிலே திரண்டு நின்று அவ்வச்சத்தைப் போக்கினர்.

இத்தனை அன்பு கொண்ட நகரம் அந்நிலவறையைக் காத்ததா? இல்லை. நிலத்தடிப் புகையிரதப் பாதைக்குக் காற்றுக்குழாய் அமைக்க வேண்டுமெனக் கூறி, 1973இல் அதனை மூடினர். மேலிருந்த கட்டடம் இடிக்கப்பட்டது. நிலவறை இடிபாட்டால் நிரப்பப்பட்டது. அந்தக் காற்றுக்குழாயோ அங்கே ஒருபோதும் அமைக்கப்படவில்லை! வெற்றிடத்தில் மோட்டார் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 1980 டிசம்பரில் ஜோன் லெனன் நியூயோர்க்கிற் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னரே நகரம் தான் இழந்ததைக் கணக்கிடத் தொடங்கியது எனலாம். 1984இல், பழைய செங்கற்களிற் பலவற்றைக் கொண்டு, பழைய நிலத்தின் ஒரு பகுதியையும் சேர்த்துப் புதிய கவேர்ண் எழுப்பப்பட்டது.

வீடுகளின் கதை வேறு. போல் மக்கார்ட்னி வளர்ந்த போத்லின் வீதி வீடு, நகரசபை வாடகைக்கு விட்ட எளிய மனை. அதனை 1995இல் தேசிய நம்பிக்கைப் பொறுப்பகம் வாங்கியது. லெனன் தம் பெரியம்மாவோடு வாழ்ந்த வீட்டை யோக்கோ ஓனோ 2002இல் வாங்கி, அப்பொறுப்பகத்துக்கே வழங்கினார். பெனி லேன் தெருவிலோ, பெயர்ப் பலகைகளை அன்பர்கள் ஓயாது கழற்றிச் சென்றமையால், பெயரைச் சுவரிலேயே தீட்ட நேர்ந்தது.

மிகக் கடினமான வழக்கு றிங்கோ பிறந்த மட்ரின் வீதியினுடையது. டிங்கிள் என்னும் தொழிலாளர் பகுதியிலுள்ள அவ்வீதியும் அயல் வீதிகளும் இடிப்புத் திட்டத்துக்குள் வந்தன. மனைகள் வெறுமையாகி, சன்னல்கள் பலகையால் அடைக்கப்பட்டன. 9ஆம் இலக்க வீட்டின் பலகைகளில் உலகெங்குமிருந்து வந்தோர் தம் பெயர்களை எழுதிச் சென்றனர். அயலவரிற் சிலர் பழைய வீடுகளைக் காக்கப் போராடினர். வேறு சிலரோ ஈரச் சுவர்களை விட்டுப் புதிய வீடு கிடைக்குமென ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். ஒரு மேளக்காரர் பிறந்த அறைக்காகத் தாம் ஏன் காத்திருக்க வேண்டுமென அவர்கள் வினவியிருப்பின், அது நியாயமற்ற வினாவன்று. 2012இல் அவ்வீடு தப்பியது. 2015இல் எஞ்சிய வீதிகளை இடிக்கும் திட்டத்தையும் அரசு மறுத்தது. பின்னர் அம்மனைகள் திருத்தப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. அடைத்த சன்னல்கள் திறக்கப்பட்டு, மட்ரின் வீதியிலே குடும்பங்கள் மீண்டும் குடிபுகுந்தன.