மோரிப் கடற்கரையும் ஒரு போரின் முடிவும்



சிலாங்கூர் மாநிலத்தில், கோலலங்காட் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மோரிப் கடற்கரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறை நாள் வந்தால் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு லாரி ஏறி நாம் போய் இறங்கிய இடம் அது. சவுக்கு மர நிழலும் கடற்காற்றும் நம் களைப்பையெல்லாம் போக்கிவிடும். அந்த அழகிய மீனவர் கிராமத்தின் கரையில் ஒரு பெரிய போரின் கடைசிக் காட்சிகளுள் ஒன்று நடந்தேறியது. அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் கடலைப் பார்ப்போம். மலாக்கா நீரிணை குறுகலானது. கிழக்குக் கரையில் மோதுவது போன்ற பேரலைகள் இங்கே இல்லை. ஆகவே கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் கொண்டுவரும் வண்டல் கரையோரமாகவே படிந்துவிடுகிறது. நீர் ஏறி நிற்கும்போது மோரிப் அழகாகத் தோன்றும். நீர் வற்றினாலோ கடல் நெடுந்தூரம் பின்வாங்கிச் சேற்று நிலம் வெளிப்படும். எந்த நேரத்தில் படகு கரையேறும், எந்த இடத்தில் கால் புதையும் என்பதை அங்குள்ள மீனவர்கள் பிறையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இனிப் போருக்கு வருவோம். 1941 டிசம்பர் 8-ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், கிளந்தான் மாநிலத்தின் கோத்தா பாரு அருகிலுள்ள கடற்கரையில் ஜப்பானியர் இறங்கினார்கள். அங்கே அவர்களை எதிர்த்து நின்றவர்கள் இந்தியச் சிப்பாய்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

அதன் பின் வந்த மூன்றரை ஆண்டுகளைத்தான் நம் பாட்டிமார் ‘ஜப்பான்காரன் காலம்’ என்றார்கள். அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு கையில் இருந்தும் கடையில் வாங்கப் பொருள் இல்லை. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் எத்தனையோ பேர். வீட்டுக்கு ஓர் ஆளை இழந்த லயங்கள் உண்டு.

இந்த நாட்டை மீண்டும் கைப்பற்ற நேச நாட்டுப் படையினர் ஒரு திட்டம் வகுத்தனர். மோரிப்பிலும் போர்ட் டிக்சன் பக்கத்திலும் இறங்குவது, கெலானாங் விமானத் தளத்தையும் இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகத்தையும் பிடிப்பது, பிறகு சிங்கப்பூரை நோக்கி நகர்வது என்பது அத்திட்டம். வானிலிருந்து படம் எடுத்தார்கள். 1945 ஜூன் மாதத்தில் இரவில் சிறு படகுகளில் ஆட்களை அனுப்பிக் கரையைச் சோதித்தார்கள். ஆனால் அந்த ஆகஸ்டு 15-ஆம் நாளே ஜப்பான் பணிந்துவிட்டது. ஏற்பாடுகள் யாவும் முடிந்திருந்ததால் படைகள் திட்டப்படியே வந்தன.

1945 செப்டம்பர் 9. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். பர்மாவின் அரக்கான் பகுதியில் போரிட்ட 25-ஆவது இந்தியப் படைப்பிரிவு மோரிப்பில் இறங்கியது. சுடுவதற்கு எதிரே யாரும் இல்லை. ஆனாலும் கரை அவர்களை எளிதில் விடவில்லை. மேலே மெல்லிய மணல், அடியில் சேறு! லாரிகளும் மற்ற வண்டிகளும் அச்சு வரையில் புதைந்தன. சில வண்டிகள் ஏறிவந்த நீரில் மூழ்கின. அன்று ஜப்பானியர் துப்பாக்கியோடு காத்திருந்தால் என்னவாகியிருக்கும்? அந்தச் சேற்றில் எத்தனை தாய்மார்களின் பிள்ளைகள் மடிந்திருப்பார்கள்! மீனவன் அன்றாடம் அறிந்த ஒரு செய்தி, படை நடத்தியோருக்குச் சரியாக எட்டவில்லை.

நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 13-இல், கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் ஜப்பானியத் தளபதி சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். வாழைமர நோட்டு வெறுங்காகிதமாயிற்று. சயாமுக்குப் போனவர்களில் எஞ்சியோர் மெலிந்த உடலோடு மெல்ல மெல்லத் திரும்பினார்கள். பலர் திரும்பவே இல்லை.

அந்தக் காலத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்கள் சொன்னதைக் கேட்டவர்கள் நாம். அடுத்த முறை மோரிப் போகும்போது, நீர் வற்றும் வரை சற்றுக் காத்திருந்து அந்தச் சேற்று நிலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். இங்கே வந்து இறங்கியவர்களின் கதையையும், சயாமுக்குச் சென்று திரும்பாத நம் வீட்டு மனிதர்களின் பெயர்களையும் சேர்த்தே சொல்லுவோம். நாம் சொல்லாவிட்டால் அந்தப் பெயர்களைச் சொல்ல வேறு யாரும் இல்லை.