ஸ்கிரீன்காப்பி

ஸ்கிரீன்காப்பி என்பது ஆண்ட்ராய்டு கைப்பேசியின் திரையை உடனுக்குடன் கணினியில் காட்டும் கட்டற்ற மென்பொருள். கணினியின் விசைப்பலகையாலும் மவுஸாலும் கைப்பேசியை இயக்கவும் இதனால் முடியும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. கட்டளைவரியில் இதை எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்னும் ஆறு எழுத்துகளால் அழைக்க வேண்டும். பிரெஞ்சு நிறுவனமான ஜெனிமொபைலின் பெயரில், அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் வெளியாகிறது. கணக்கு தொடங்க வேண்டியதில்லை, விளம்பரம் இல்லை, இணைய இணைப்பும் தேவையில்லை.

வரலாறு

ஜெனிமொபைல் நிறுவனம் ஜெனிமோஷன் என்னும் ஆண்ட்ராய்டு எமுலேட்டரால் அறியப்பட்டது. அங்கு ரொமேன் விமோன் எழுதிய ஸ்கிரீன்காப்பியின் முதல் பதிப்பு 2018 மார்ச்சில் வெளிவந்தது. தொடக்கத்தில் படம் மட்டுமே வந்தது. ஒலிக்காக 2020இல் விமோன் தனியாக ஒரு சிறு கருவி எழுதினார். 2023 மார்ச்சில் வந்த 2.0 பதிப்பில் ஒலியும் உள்ளேயே சேர்ந்தது. அதே ஆண்டின் 2.2 பதிப்பு, திரைக்குப் பதிலாகக் கைப்பேசிக் கேமராவின் காட்சியைக் கணினிக்கு அனுப்பும் வசதியைத் தந்தது. 2024 நவம்பரின் 3.0 பதிப்பில், கைப்பேசியின் திரையைத் தொடாமல் தனியொரு மெய்நிகர்த் திரையில் செயலிகளைத் திறக்க வழி பிறந்தது.

செயல்படும் முறை

கைப்பேசியில் எந்தச் செயலியையும் நிறுவ வேண்டாம். ரூட் செய்யவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு உருவாக்குநர்கள் பயன்படுத்தும் ஏடிபி என்னும் இணைப்பு வழியாக, ஜாவாவில் எழுதிய ஒரு சிறு சர்வர் நிரலைக் கணினி கைப்பேசிக்குள் அனுப்பி ஓடவிடுகிறது. அது திரையைப் பிடித்து, கைப்பேசியின் சொந்த வீடியோ என்கோடரிடம் கொடுக்கிறது. சுருக்கப்பட்ட வீடியோ கணினிக்கு வந்ததும், சி மொழியில் எழுதிய மறுபாதி எஃப்எஃப்எம்பெக் நூலகத்தின் துணையோடு அதை விரித்துக் காட்டுகிறது. மவுஸ் சொடுக்குகளும் விசை அழுத்தங்களும் எதிர்த்திசையில் கைப்பேசிக்குப் போகின்றன. இணைப்பைத் துண்டித்தபின் கைப்பேசியில் எதுவும் நிறுவப்பட்டதாக மிஞ்சாது.

இதன் வேகத்துக்குக் காரணம் வடிவமைப்பில் எடுத்த ஒரு முடிவு. வழக்கமான வீடியோ பிளேயர்கள், படம் தடைபடாமல் ஓட வேண்டும் என்று சில நொடிக் காட்சியை முன்கூட்டியே சேமித்து வைக்கும். ஸ்கிரீன்காப்பி இயல்பாக அப்படிச் சேமிப்பதில்லை. புதிய ஃபிரேம் வந்துவிட்டால், இன்னும் காட்டப்படாத பழையதைக் கைவிட்டுவிடுகிறது. அதனால் தாமதம் 35 முதல் 70 மில்லிநொடிக்குள் அடங்குகிறது. தொட்டதும் விளைவு தெரியாவிட்டால் கைப்பேசியைக் கணினியிலிருந்து இயக்க முடியாது. ஆகவே படத்தின் சீரைவிட உடனடித்தன்மைக்கே இங்கு முதலிடம்.

பயன்படுத்துதல்

ஆண்ட்ராய்டு 5.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு போதும். ஒலிக்கு ஆண்ட்ராய்டு 11, கேமராவுக்கு 12 வேண்டும். கைப்பேசி அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளைச் செருகி, திரையில் வரும் அனுமதிக் கேள்விக்கு ஒப்புதல் தர வேண்டும். ஒரே வைஃபையில் இருந்தால் கேபிள் இல்லாமலும் இணைக்கலாம். காட்சியைக் கோப்பாகப் பதிவுசெய்யலாம். கைப்பேசித் திரையை அணைத்துவிட்டுக் கணினியில் மட்டும் பார்க்கலாம்.

இம்மென்பொருள் நேராக யூடியூபுக்கு ஒளிபரப்பாது. விளையாட்டையோ செயலி வகுப்பையோ நேரலையாகத் தர விரும்புவோர், ஸ்கிரீன்காப்பியின் சாளரத்தை ஓபிஎஸ் ஸ்டுடியோ போன்ற ஒளிபரப்பு மென்பொருளில் பிடித்து அனுப்புகிறார்கள். லினக்ஸில் கைப்பேசித் திரையை ஒரு வெப்கேமராவாகவே மற்ற மென்பொருள்களுக்குக் காட்டலாம்.

தமிழில் எழுதுவோர் ஒன்றை அறிய வேண்டும். இயல்பான விசைப்பலகை முறை ஆங்கில எழுத்துகளையும் சில ஐரோப்பிய எழுத்துகளையும் மட்டுமே கைப்பேசிக்கு அனுப்பும். கணினியில் தட்டிய தமிழ் வரியை நகலெடுத்துக் கைப்பேசியில் ஒட்டினால் அப்படியே போய்ச் சேரும்.

வரம்புகளும் பாதுகாப்பும்

ஐபோன் திரையை இது காட்டாது. வங்கிச் செயலிகள் போலத் திரைப்பிடிப்பைத் தடுக்கும் செயலிகள் கறுப்பாகவே தெரியும். சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் மவுஸும் விசைப்பலகையும் வேலை செய்யக் கூடுதலான ஓர் அமைப்பை இயக்க வேண்டியிருக்கும். திரை உடைந்த கைப்பேசியிலிருந்து தரவுகளை மீட்கவும் உதவும். ஆனால் டீபக்கிங் அனுமதி முன்பே அந்தக் கணினிக்குத் தரப்பட்டிருக்க வேண்டும்.

நேரலையில் கைப்பேசியில் தோன்றும் அனைத்தும் பார்வையாளருக்குத் தெரியும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, சொந்த அரட்டை, தொடர்பு எண் எல்லாம் இதில் அடங்கும். ஒளிபரப்புக்கு முன் அறிவிப்புகளை நிறுத்திவைப்பது கட்டாயப் பழக்கமாக வேண்டும். பதிவிறக்கும்போதும் கவனம் வேண்டும்; ஸ்கிரீன்காப்பியின் பெயரைப் பயன்படுத்தும் வேறு தளங்களும் உண்டு. கிட்ஹப்பில் உள்ள ஜெனிமொபைல் களஞ்சியமே மூல இடம். டீபக்கிங் அனுமதி பெற்ற கணினி, கைப்பேசியின் கோப்புகளைப் படிக்கவும் செயலிகளை நிறுவவும் வல்லது. ஆகவே அந்த அனுமதியைச் சொந்தக் கணினிக்கு மட்டும் தந்து, வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிட வேண்டும்.