கார் வைப்பர் தண்ணீர் சரியா அடிக்கலையா? மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி இதை செக் பண்ணுங்க!

மழை விட்ட நெடுஞ்சாலையில், முன்னால் போகும் லாரி வாரி இறைத்த சேறு கார் கண்ணாடி முழுக்க படிந்துவிடுகிறது. வாஷர் லீவரை இழுத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்காமல் பானட் மேலேயே வழிகிறது. வைப்பரை மட்டும் ஓட்டினால் சேறு இன்னும் பரவி, எதிரே எதுவும் தெரியாது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் சுமார் 22 மீட்டரைக் கடக்கும். கண்ணாடி தெளிய 3 நொடி ஆனாலும், கிட்டத்தட்ட 66 மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியது மாதிரிதான்.

இந்தக் கோளாறு பல நேரங்களில் ஒரு குண்டூசியிலேயே சரியாகிவிடும்.

தண்ணீர் எப்படி வருகிறது?

பானட்டுக்குள் இருக்கும் வாஷர் டேங்கில் இருந்து, சின்ன மோட்டார் ஒன்று தண்ணீரை இழுத்து ரப்பர் ஹோஸ் வழியாக நாசிலுக்கு அனுப்புகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும், எங்கே ஒழுகினாலும் வேகம் குறையும்.

முதலில் காதைத் தீட்டிக்கோங்க

டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து லீவரை இழுங்கள்.

* மோட்டார் சத்தமே இல்லை: முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் மோட்டார், ஒயரிங், ஸ்விட்ச் ஆகியவற்றை எலக்ட்ரீசியனிடம் காட்டலாம்.
* சத்தம் வருகிறது, ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் குறைவு: அந்தப் பக்க நாசில் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.
* சத்தம் வருகிறது, இரண்டு பக்கமும் குறைவு: ஹோஸ், மோட்டார் ஃபில்டர், நாசில் என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

அடைப்பு எங்கே? ஒரு சின்ன டெஸ்ட்

நாசிலில் இருந்து ஹோஸை மெதுவாகக் கழற்றுங்கள். இன்னொருவரை லீவரை இழுக்கச் சொல்லுங்கள். ஹோஸ் முனையில் தண்ணீர் வேகமாக வந்தால் குற்றவாளி நாசில்தான். அங்கேயும் சொட்டு சொட்டாக வந்தால், பிரச்னை டேங்க் பக்கம் இருக்கிறது.

நாசில் அடைப்பை எடுப்பது எப்படி?

போர் தண்ணீர் ஊற்றும் கார்களில் உப்பு படிந்து நாசில் ஓட்டை அடைத்துக்கொள்ளும். மெல்லிய ஊசியை ஓட்டைக்குள் லேசாக விட்டு எடுங்கள். அழுத்திக் குத்தினால் ஓட்டை பெரிதாகி வேகம் இன்னும் குறையும். உப்பு இறுகியிருந்தால், நாசிலைக் கழற்றி வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவலாம். விசிறி போல தூவும் நாசிலில் ஊசி வேண்டாம், காற்றடித்து சுத்தம் செய்வதே நல்லது.

பல கார்களில் நாசிலுக்குள் சுழலும் சின்ன உருண்டை இருக்கும். ஊசி முனையால் அதைத் திருப்பி, தண்ணீர் விழும் இடத்தை சரி செய்யலாம். கார் நிற்கும்போது கண்ணாடியின் நடுப்பகுதிக்கு சற்று மேலே விழுவது போல வையுங்கள். ஓடும்போது எதிர்க்காற்று தண்ணீரைக் கீழே தள்ளிவிடும்.

ஹோஸையும் டேங்கையும் விடாதீங்க

ஹோஸ் மடங்கியிருக்கிறதா, இணைப்பு கழன்றிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். லீவரை இழுக்கும்போது காருக்கு அடியில் சொட்டினால் எங்கோ ஒழுகுகிறது. நாள்பட்ட தண்ணீரில் பாசி பிடித்து மோட்டார் ஃபில்டரை அடைக்கும். டேங்கைக் காலி செய்து கழுவினால் போதும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

* டேங்க் காலியாக இருக்கும்போது லீவரை இழுத்துக்கொண்டே இருக்காதீங்க, மோட்டார் வீணாகிவிடும்.
* ஷாம்பு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஊற்றாதீங்க. நுரையும் பிசுக்கும் கண்ணாடியில் தங்கி, இரவில் எதிரே வரும் வெளிச்சம் கூசும். வாஷர் லிக்விட் பயன்படுத்துங்கள்.
* கூலன்ட் டேங்கில் மாற்றி ஊற்றிவிடாதீங்க. கண்ணாடியும் நீர் பீய்ச்சும் படமும் உள்ள மூடிதான் வாஷர் டேங்க்.

அடுத்த முறை டேங்கை நிரப்பும்போது உப்பில்லாத தண்ணீரை ஊற்றுங்கள். நீண்ட பயணத்துக்கு டயரில் காற்று பார்ப்பது போல, கிளம்பும் முன் ஒரு தடவை தண்ணீரை அடித்தும் பார்த்துவிடுங்கள்.