பர்மாத் தேக்கும் பரம்பரைப் பெட்டகமும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுகின்றோம். பயணிகளின் குறிப்புகளிலும் தேடுகின்றோம். நாள்தோறும் சாய்ந்து அமர்கின்ற நாற்காலியில் தேடுவதில்லை. ஆயினும் வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றின் பெயர்களே அதற்குச் சான்று. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் ஆகிய சொற்கள் போர்த்துகீசிய மொழியிலிருந்து நம்மிடையே குடிபுகுந்தவை. ஈழத்தில் நாற்காலியைக் 'கதிரை' என்பார்களே, அதுவும் அம்மொழி தந்ததே. பீரோ பிரெஞ்சு மொழியின் கொடை.

இச்சொற்கள் வந்த கடல்வழியாகவே பிற்காலத்தில் மரமும் வந்தது. இன்று தாம்பரம், பல்லாவரம் போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளில், அளவான வருவாயுடையோரின் வீடுகளிலும் பழைய ஊஞ்சலும் பெட்டகமும் கடைசல் கால் கட்டிலும் இடம்பெறுகின்றன. சில பாட்டனார் வழி வந்தவை. சில இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து விலைக்கு வாங்கியவை. இவை எங்கிருந்து வந்தன, ஏன் இடம்பெயர்ந்தன, இவற்றிடம் நமக்குள்ள கடமை யாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

பாயும் பெட்டகமும்

முற்காலத் தமிழ் இல்லங்களில் மரச்சாமான்கள் மிகுதியாக இருந்ததில்லை. அமரவும் உறங்கவும் பாய், நெல்லுக்குப் பத்தாயம், பாத்திரத்திற்கும் துணிமணிக்கும் பெட்டகம், வசதியுள்ள வீட்டில் ஓர் ஊஞ்சல், இவ்வளவே. அப்பாய்களில் புகழ் வாய்ந்தது, தாமிரபரணிக் கரையின் கோரைப் புல்லால் நம் லெப்பைக் குடும்பத்தினர் பத்தமடையில் நெய்வது. மணமக்களின் பெயரையே பாயில் இழைத்துத் தரும் வழக்கம் அங்கு உண்டு. பொருளோடு பெயரும் நிலைத்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் அதில் தெரிகின்றதன்றோ?

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1852இல் கீழ்ப் பர்மாவும், 1885ஆம் ஆண்டுப் போரின் முடிவில் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் வசமாயின. அவ்விறுதிப் போருக்கு ஏதுவான பூசல்களுள் தேக்குக் காட்டுக் குத்தகை பற்றிய வழக்கும் ஒன்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மா அரிசிக்கு மேற்கே தேவை பெருகியது. அரிசி வாணிகத்திற்குக் கடன் கொடுக்க நாட்டுக்கோட்டை நகரத்தார் சென்றனர். கீழைக்கரை முஸ்லிம் வணிகரும் கடை வைக்கச் சென்றனர். சோலியா முஸ்லிம்களின் பெயர் தாங்கிய பள்ளிவாசல் இன்றும் ரங்கூனில் உண்டு.

அவர்கள் ஈட்டிய பொருள் தாயகத்தில் வீடாக உயர்ந்தது. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆதலால் மரத்தின் அடியைச் சுற்றிலும் பட்டையோடு வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே சில ஆண்டுகள் உலர விடுவர். பின்னர் வீழ்த்தி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் மிதக்க விட்டு, ஐராவதி ஆற்றின் வழியே ரங்கூனுக்குக் கொணர்வர். காட்டில் வெட்டிய மரம் துறைமுகம் சேரவே ஆண்டுகள் பல ஆகும். இவ்வாறு உலர்ந்து வைரம் பாய்ந்த மரம்தான் செட்டிநாட்டுத் தூண்களாகவும் நிலைகளாகவும் உருப்பெற்றது. கடற்கரை ஊர்களில் நம்மவர் இல்லங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. நூறாண்டு கடந்தும் அக்கதவுகள் கோணாமல் நிற்பதற்கு, தச்சரின் திறமையோடு காட்டில் காத்திருந்த அந்தப் பொறுமையும் காரணமாகும்.

சரிவும் சிதறலும்

1930இல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கியது. நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவர்களின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலம் 1937இல் 25 விழுக்காடாயிற்று. விற்க முடியாத நிலமும் அம்மண்ணின் மக்களது வெறுப்புமே அதனால் விளைந்த பயன். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினர். வழியில் மாண்டோர் பலர். 1962இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின், கடைகளும் வணிகங்களும் அரசுடைமை ஆக்கப்பட்டன. எஞ்சியோரும் பெரும்பாலும் வெறுங்கையுடன் கப்பல் ஏறினர்.

அங்கிருந்த செல்வம் போயிற்று; இங்கிருந்த மரம் எஞ்சியது. அரண்மனை போன்ற வீட்டைப் பராமரிக்க வருவாய் இல்லை. வாரிசுகளோ பலராகிப் பல ஊர்களில் பரந்தனர். வீடுகள் பிரிக்கப்பட்டுத் தூணும் நிலையும் தனித்தனியே விலையாயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஊஞ்சற் பலகை முதல் எனாமல் தூக்குவாளி வரை காணலாம். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் சேர்த்தவை அங்கே விலைச்சீட்டுடன் அடுக்கப்பட்டுள்ளன. விற்றவர் பெயர் மட்டும் அச்சீட்டில் இராது.

புறநகர் வீட்டில் பழம்பொருள்

மீட்ட மரத்தை எளிய வீட்டிற்குப் பயன்படுத்துவதில் வழிகாட்டியாக விளங்கியவர், கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007). இடிக்கப்பட்ட வீடுகளின் கதவு, ஜன்னல்களை அவர் விரும்பி ஏற்றார். அவரைப் பொறுத்தவரை அது சிக்கனம்; வீண் விரயத்தை வெறுக்கும் உள்ளத்தின் வெளிப்பாடு. 1996இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், செட்டிநாட்டு வணிகர் இல்லமொன்று பெயர்த்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. வீட்டை வீடாகவே காத்த முயற்சி அது.

நம்மால் அவ்வளவு இயலாது. ஆயின் பழம்பொருளை அதன் தொழிலில் வைத்திருக்க இயலும். கட்டில் உறங்குவதற்கும் பெட்டகம் பொருள் வைப்பதற்கும் ஊஞ்சல் ஆடுவதற்கும் பயன்பட வேண்டும். பூட்டிய கூடத்தில் விருந்தினர் வியக்க மட்டும் நிறுத்திய பெட்டகம் பாதி இறந்த பெட்டகமே. வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் உண்டு. தேக்கின் வைரப் பகுதியைக் கறையான் எளிதில் அணுகாது. வெளிறிய வெளிமரத்தை விரைவில் அரிக்கும். பழங்கதவின் நிலை பெரும்பாலும் தாழ்வாக இருக்கும். ஆதலால் சுவரை எழுப்புமுன்னே கதவை அளந்து கொள்வது நலம். அறுந்த பிரம்புப் பின்னலை மீண்டும் பின்னலாம். இழைத்து இழைத்துப் புதிதுபோல் ஆக்கிவிட்டாலோ, முன்னோர் கைபட்ட மெருகும் உடன் போய்விடும்.

நம் இல்லங்களின் நிலை

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்மக்களுக்கு அளிப்பதும், மணமகன் மனைவியின் இல்லத்தில் வாழ்வதும் நெடுநாள் வழக்கம். ஆகவே அவ்வீடுகளின் பெட்டகமும் கட்டிலும் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கி வந்தவை. கடல் கடந்து சென்ற ஆண்மக்களின் வரலாற்றை ஓரளவு எழுதி வைத்தோம். வீட்டிலிருந்து காத்த பெண்மக்களின் வரலாறு எழுதப்படவில்லை. அஃது அப்பொருள்களில்தான் தங்கியிருக்கின்றது.

இன்று அவ்வீடுகள் பிரிக்கப்படுகின்றன. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் குடியேறிவிட்டனர். பங்கு பிரிக்கும்போது பெட்டகத்தை அறுத்துப் பிரிக்க முடியாது என்று, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகின்றோம். பின்பு அதுபோன்ற வேறொரு குடும்பத்தின் பெட்டகத்தைப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கி நம் கூடத்தில் வைக்கின்றோம். இது முறையா? நேர்மையாக மதிப்பிட்டு, விரும்பும் வாரிசு தம் பங்கில் ஏற்றுக்கொள்ள மற்றவர் மனமொப்பிச் சம்மதிப்பாராயின், ஒருவர் உரிமையும் குறையாது. பொருளும் குடும்பத்தை விட்டுப் போகாது.

மற்றொன்று மிக முக்கியம். பெட்டகத்தை விற்குமுன் அதன் உள்ளே இருப்பதைப் பாருங்கள். அறபுத் தமிழில் எழுதிய ஏடுகளும், வாணிகக் கணக்குகளும், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களும் பல வீடுகளில் பெட்டகத்தின் அடியில்தான் கிடக்கின்றன. மரத்திற்கு விலை பேசிவிட்டுக் காகிதத்தைக் குப்பையில் கொட்டுவது நம் வரலாற்றையே கொட்டுவதாகும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், 100 ஆண்டுக்குக் குறையாத வரலாற்றுச் சிறப்புடைய பொருள்களையும், 75 ஆண்டுக்குக் குறையாத சிறப்புடைய கையெழுத்துப் படிகளையும் தொல்பொருள் எனக் கொள்கின்றது. அவற்றைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்பத் தடை விதிக்கின்றது. ஆனால் குப்பைத் தொட்டிக்கு அனுப்புவதை எந்தச் சட்டம் தடுக்கும்? நாம்தாம் தடுக்க வேண்டும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள மூத்த பெண்மணியை அருகில் அமர்த்தி, இக்கட்டில் யாருக்காகச் செய்தது, எந்த ஆண்டில் வந்தது, யார் கொணர்ந்தது என்று கேட்டு எழுதி, அத்தாளைப் பெட்டகத்தின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். விலைக்கு வாங்கிய பொருளாயின், எந்த ஊர், எவ்வகை வீடு என்று விற்பவரிடம் கேட்டு எழுதுங்கள். பத்தமடையில் பாய்க்குக்கூடப் பெயரை இழைத்துத் தருகின்றார்கள். தலைமுறைகள் துயின்ற கட்டிலுக்கு ஒரு பெயர் எழுதி வைக்க நமக்கு அரைமணி நேரம் போதும்.