மலையாளின்னா யாரு?

சென்னையில வேலைக்குச் சேர்ந்த புதுசுல, "எங்க ஊர் மலைல முழுக்க மலையாளிங்கதான்"னு சொன்னேன். "எல்லாரும் டீக்கடை வச்சிருக்காங்களா?"ன்னு கேட்டார் டீம்ல ஒருத்தர். கள்ளக்குறிச்சிக்காரன் சொல்ற மலையாளி வேற. கல்வராயன் மலையில வாழும் பழங்குடி மக்கள் அவங்க. பேசுறது தமிழ். கேரளாவுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லை.

சமீபத்துல ஜூலு மக்களின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தப் பெயர்க் குழப்பம் மறுபடி ஞாபகம் வந்தது. ஜூலு என்றால் வானம். முதலில் அது ஒரு சின்ன குலத்தின் பெயர். 1816-ல் தலைவனான ஷாகா பக்கத்துக் குலங்களை ஒன்றாக்கி அரசு அமைத்ததும், பல குலங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. 1879-ல் ஆங்கிலேயர் அந்த அரசை உடைத்தார்கள். ஆனா பெயர் உடையலை. பிறகு நிறவெறி அரசு அதே பெயரைத் தன் பதிவேட்டில் ஏற்றி, 1970 சட்டத்தில் ஜூலுக்களை 'க்வாஸூலு' குடிமக்கள் என்று தனியே ஒதுக்கியது. மன்னன் சேர்க்கப் பயன்பட்ட பெயர், அதிகாரி பிரிக்கவும் பயன்பட்டது.

நம்ம மலையாளிகளுக்கு ஷாகா மாதிரி ஒரு மன்னன் கிடையாது. அவங்க கதையில காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகள் வர்றாங்க. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஆளுக்கொரு மலைக்குப் போனாங்களாம். இதை அப்படியே வரலாறா எடுத்துக்க முடியாது. ஆனா சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆட்களைப் பங்காளிகளாகவே நினைக்கிறாங்க என்பதை இதைவிடத் தெளிவா எந்தக் கல்வெட்டும் சொல்லாது. கல்வராயனை சடையகவுண்டன், குரும்பகவுண்டன், ஆரியகவுண்டன் என மூன்று ஜாகிர்தார்கள் ஆண்டார்கள். கீழே 1947-ல் சுதந்திரம் வந்தாச்சு. மலை முழுசா அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல்.

அதே 1976-ல்தான் பழங்குடிப் பட்டியல் திருத்தப்பட்டது. அதில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி என்று ஆறு மாவட்டங்கள். கோயம்புத்தூர் இல்லை. பர்கூர் மலை அப்போ கோயம்புத்தூர்ல இருந்தது, இப்போ ஈரோடு. அதனால வெள்ளிமலைப் பையனுக்குக் கிடைக்கிற பழங்குடிச் சான்றிதழ், அதே மலையாளிப் பெயரோட இருக்கும் பர்கூர்ப் பையனுக்குக் கிடைக்காது. கல்லூரி சீட், உதவித்தொகை, அரசு வேலை எல்லாமே அந்தத் தாளை நம்பித்தான்.

நான் புரோகிராம் எழுதுறவன். பழைய டேபிளை வச்சுக்கிட்டு புது டேட்டாவைச் சரிபார்த்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். தென்னாற்காடு மாவட்டம் 1993-லேயே பிரிஞ்சு போச்சு. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாச்சு. ஆனாலும் எங்க மலைக்காரங்க இன்னும் அந்த இல்லாத தென்னாற்காட்டின் பெயரில்தான் பழங்குடி. பர்கூர்க்காரங்க பட்டியல்ல சேர்க்கச் சொல்லி பல வருஷமா மனு கொடுத்துட்டிருக்காங்க.